சால்டரிங் அயர்னிலிருந்து ஸ்க்ரூடிரைவருக்கு

முதன்முறையாக ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைத் தன் கையால் பூட்டிப் பார்க்க நினைக்கும் கல்லூரி மாணவிக்கு இன்று தேவைப்படும் கருவி ஒன்றே ஒன்றுதான்: ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். மதர்போர்டு ஒரு தைவான் கம்பெனியுடையது. பிராசசர் அமெரிக்கக் கம்பெனியுடையது. ரேம் கொரியாவிலிருந்து வந்திருக்கும். கேபினெட்டின் மேல் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் ஒட்டியிருக்கும். ஒன்றையொன்று அறியாத நான்கு தொழிற்சாலைகளின் சரக்கு ஒரே மேஜையில் வந்து சேர்ந்து, துளைக்குத் துளை, ஊசிக்கு ஊசி பொருந்திவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரையில் எழுத்து வந்துவிடும்.

இந்தப் பொருத்தம் தானாக அமைந்துவிடவில்லை. எந்த முதலாளியும் மனமுவந்து கொடுத்துவிடவும் இல்லை. ஒரு பெரிய கம்பெனியின் அவசரம், பல சின்னக் கம்பெனிகளின் பிடிவாதம், தைவான் தொழிற்கூடங்களின் உழைப்பு, கடைத்தெருக்களில் பாகங்களைக் கோத்தவர்களின் அனுபவம் எல்லாம் சேர்ந்து இதை உருவாக்க இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்த இருபது ஆண்டுகளின் தொடக்கத்தில், சொந்தமாகக் கம்ப்யூட்டர் செய்ய விரும்பியவரின் கையில் இருக்க வேண்டியிருந்தது சால்டரிங் அயர்ன்.

அட்டையில் வந்த காலிப் பெட்டி

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' மாத இதழ் தன் அட்டையில் ஒரு பெட்டியின் படத்தைப் போட்டது. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள், அவற்றுக்கு மேலே சிறுசிறு சிவப்பு விளக்குகள். பெயர் ஆல்டேர் 8800. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் எம்ஐடிஎஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த எட் ராபர்ட்ஸ் அதை வடிவமைத்திருந்தார். கால்குலேட்டர் விலைப் போரில் அடிபட்டுக் கடனில் மூழ்கியிருந்த நிறுவனம் அது. இதழுக்காக நியூயார்க்குக்கு ரயில் பார்சலில் அனுப்பிய மாதிரி இயந்திரம் வழியில் தொலைந்துபோனது. அட்டைப் படத்தில் வாசகர்கள் கண்டது, அவசரமாகத் தயாரித்து அனுப்பப்பட்ட உள்ளீடற்ற பெட்டி.

அந்தக் காலிப் பெட்டியை நம்பி ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள். பாகங்களாக வாங்கினால் 439 டாலர், பூட்டியே வாங்கினால் 621 டாலர். இன்டெல் 8080 பிராசசரின் விலைப்பட்டியல் விலையே 360 டாலராக இருந்த காலம் அது. ராபர்ட்ஸ் மொத்தமாக வாங்குவதாகச் சொல்லி, அதை 75 டாலருக்குப் பேசி முடித்திருந்தார். பல்கலைக்கழகங்களிலும் பெரிய கம்பெனிகளிலும் குளிரூட்டிய அறைகளில் பூட்டிவைத்திருந்த ஒன்று வீட்டுக்கு வரப்போகிறது என்ற எண்ணமே அந்த வாசகர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தபாலில் வந்தவை வெற்று போர்டுகள், உறை உறையாக ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள், சில்லுகள், ஒயர்கள், ஒரு கையேடு. நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சால்டர் செய்ய வேண்டும். ஈயம் கொஞ்சம் வழிந்து பக்கத்து இணைப்பைத் தொட்டாலும் இயந்திரம் ஓடாது. எங்கே பிழை என்று சொல்லவும் அதற்கு வாய் இல்லை. எல்லாம் சரியாக அமைந்தாலும் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. முகப்புச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, ஒவ்வொரு பைட்டாகக் கட்டளை கொடுக்க வேண்டும். பதிலை விளக்குகள் எரிவதைப் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். நினைவகம் 256 பைட். இன்றைய யூனிகோடு முறையில் அதற்குள் ஒரு நீண்ட தமிழ் வாக்கியத்தை அடக்குவதே கடினம்.

இருந்தும் அவர்கள் விடவில்லை. 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் பிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் ஆர்வலர்கள் சிலர் கூடினார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் பிறந்தது. வட்டமாக உட்கார்ந்து, தான் கண்டுபிடித்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அங்கே நடைமுறை. ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் தன் ஆல்டேரின் மேல் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்தார். சில்லுகள் வேலை செய்யும்போது எழும் மின்காந்த இரைச்சலை ரேடியோ வாங்கிக்கொள்ளும். அந்த இரைச்சல் ஏறி இறங்கும் விதத்தில் புரோகிராம் எழுதி, ஸ்பீக்கரே இல்லாத இயந்திரத்தைப் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை இசைக்க வைத்தார்.

அதே கிளப்பின் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த ஸ்டீவ் வாஸ்னியாக் தானே ஒரு போர்டை வடிவமைத்து அதன் வரைபடத்தை நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். 1976இல் அது ஆப்பிள் 1 என்ற பெயரில் 666.66 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 'பைட் ஷாப்' கடையின் பால் டெரல் 50 போர்டுகள் கேட்டார். சில்லுகளைச் சால்டர் செய்து முடித்த போர்டாகத்தான் வேண்டும் என்று நிபந்தனை போட்டார். சால்டர் வேலை வாங்குபவரின் வீட்டிலிருந்து விற்பவரின் பட்டறைக்கு இடம்பெயர்வதை அந்த நிபந்தனையில் காணலாம். அப்போதும் பெட்டி, கீபோர்டு, டிரான்ஸ்பார்மர், டிவி எல்லாம் வாங்குபவரின் பொறுப்புதான். பிரிட்டனில் 1980இல் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ்80 பாகங்களாக 79.95 பவுண்டுக்கும், முழுதாக 99.95 பவுண்டுக்கும் விற்றது. கையால் பூட்டுபவருக்கு 20 பவுண்டு மிச்சம்.

இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை தனித்தனித் தீவுகள். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கு ஆகாது. ஆல்டேர் மட்டும் ஒரு விதை போட்டிருந்தது. அதன் உள்ளே கார்டுகளைச் செருகுவதற்கு 100 ஊசி கொண்ட ஒரு பொது இணைப்பு வரிசை இருந்தது. அந்த அளவுக்குப் பொருந்தும் மெமரி கார்டுகளை வேறு நிறுவனங்கள் செய்து விற்கத் தொடங்கின. 'ஐஎம்எஸ்ஏஐ 8080' என்ற போட்டி இயந்திரமே அதே வரிசையை எடுத்துக்கொண்டது. எஸ்-100 என்ற பெயர் அதற்கு நிலைத்தது. ஒருவர் செய்த பெட்டிக்குள் இன்னொருவர் செய்த கார்டு ஓடும் என்பது முதன்முதலில் நிரூபணமானது அங்கேதான்.

ஐபிஎம்மின் அவசரம்

பெரிய கம்ப்யூட்டர்களின் உலகை ஆண்ட ஐபிஎம், இந்தச் சின்ன இயந்திரச் சந்தை தன் கையை விட்டுப் போவதைக் கண்டு விழித்துக்கொண்டது. புளோரிடாவின் போகா ரேட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு குழுவுக்கு ஓராண்டு கெடு கொடுத்தது. சொந்தமாக எல்லாவற்றையும் வடிவமைத்துத் தயாரிக்கும் ஐபிஎம்மின் வழக்கப்படி போனால் அந்தக் கெடுவுக்குள் முடியாது. ஆகவே குழு கடைச்சரக்கை எடுத்தது: இன்டெல்லின் 8088 பிராசசர், மைக்ரோசாப்ட்டின் ஆப்பரேட்டிங் சிஸ்டம், வெளியாரின் பிளாப்பி டிரைவ். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி வெளிவந்தது. அடிப்படை விலை 1,565 டாலர். வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். உள்ளே கார்டு செருக ஐந்து ஸ்லாட்டுகள்.

அதோடு ஐபிஎம் ஒரு புத்தகத்தையும் விற்றது. அந்தத் தொழில்நுட்பக் கையேட்டில் மதர்போர்டின் மின்சுற்று வரைபடம் இருந்தது. இயந்திரத்தை எழுப்பும் முதல் புரோகிராமான பயாஸின் வரிகள் அத்தனையும் அச்சாகியிருந்தன. மற்றவர்கள் தன் இயந்திரத்துக்கு ஏற்ற கார்டுகளும் மென்பொருளும் செய்ய வேண்டும் என்பது ஐபிஎம்மின் எண்ணம். இயந்திரத்தையே அவர்கள் செய்துவிடாமல் குறுக்கே நின்றது ஒன்றுதான்: பயாஸின் மேல் இருந்த பதிப்புரிமை.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிலிருந்து விலகிய மூவர் 1982இல் தொடங்கிய காம்பாக், அந்தத் தடையைச் சட்டத்துக்கு உட்பட்டே தாண்டியது. ஒரு குழு ஐபிஎம்மின் பயாஸைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கும். எப்படிச் செய்கிறது என்பதைக் கண்ணால்கூடப் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதும். ஒரு வரியும் நகல் இல்லை. வேலை மட்டும் அதே வேலை. பீனிக்ஸ் டெக்னாலஜிஸ் இதே முறையில் ஒரு பயாஸ் எழுதி, 1984இல் கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் போட்டு விற்கத் தொடங்கியது. கதவு திறந்துவிட்டது. அதே ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் 19 வயது மைக்கேல் டெல், பிசிக்களுக்குக் கூடுதல் பாகங்கள் பூட்டி விற்று, ஆயிரம் டாலர் முதலில் ஒரு கம்பெனி தொடங்கினார்.

தைவான் இந்தக் கதவு வழியே முழு வேகத்தில் நுழைந்தது. சிப்ஸ் அண்டு டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம், மதர்போர்டில் பரவிக்கிடந்த பல பத்துச் சில்லுகளின் வேலையை ஒரு சில சில்லுகளில் அடக்கி விற்றது. அதற்குப் பிறகு மதர்போர்டு செய்ய பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவைப்படவில்லை. 1986இல் கிகாபைட்டும் எம்எஸ்ஐயும், 1989இல் ஏசரின் முன்னாள் பொறியாளர்கள் நால்வரால் ஏசூஸும் தோன்றின. இன்றும் மதர்போர்டு வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழும் பெயர்கள் இவைதாம்.

விட்டதைப் பிடிக்க ஐபிஎம் 1987இல் பிஎஸ்/2 வரிசையையும், அதற்குள் மைக்ரோ சேனல் என்ற புதிய ஸ்லாட்டையும் கொண்டுவந்தது. பயன்படுத்த விரும்புவோர் கட்டணம் கட்ட வேண்டும் என்றது. காம்பாக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய கார்டுகளும் பொருந்தக்கூடிய தங்கள் சொந்த ஸ்லாட்டை 1988இல் அறிவித்தன. பிசி என்பது ஐபிஎம்மின் சொத்தாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

கறுப்பு ஒயர்கள் நடுவில்

பாகங்கள் கடைக்கு வந்துவிட்டன. பூட்டுவது மட்டும் இன்னும் பயத்தோடு செய்யும் வேலையாகவே இருந்தது. 1980களின் நடுவிலிருந்து 1990களின் கடைசி வரை கம்ப்யூட்டர் பூட்டிய யாரைக் கேட்டாலும் பி8, பி9 என்ற இரண்டு கனெக்டர்களைச் சொல்வார்கள். மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு மின்சாரம் போகும் வழி அவை. ஒவ்வொன்றிலும் ஆறு ஒயர். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும். அப்படிச் செருகிச் சுவிட்சைப் போட்டால் போர்டு கருகிவிடும். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி வர வேண்டும் என்பதே பட்டறைகளில் புதிதாகச் சேருபவர் கற்ற முதல் பாடம்.

ஆபத்து அதோடு நிற்கவில்லை. அன்றைய ஏடி வகைக் கேபினெட்டின் முன்பக்கப் பவர் சுவிட்சுக்கு வீட்டு மின்சாரமே நேராக வந்தது. இந்தியாவில் அது 230 வோல்ட். பிராசசருக்கு எத்தனை வோல்ட் என்பதைப் போர்டின் மேல் இருக்கும் மிகச்சிறிய ஜம்பர்களை இடம் மாற்றிக் குறிக்க வேண்டும். பென்டியம் எம்எம்எக்ஸுக்கு 2.8 வோல்ட், ஏஎம்டி கே6-2க்கு 2.2 வோல்ட். கவனம் பிசகினால் பிராசசர் போய்விடும். ஒரே ரிப்பன் கேபிளில் இரண்டு டிரைவ்கள் இருந்தால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று சொல்ல இன்னொரு ஜம்பர். கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் எண் ஊசியின் பக்கம் வர வேண்டும். சவுண்டு கார்டு பிராசசரை அழைக்க ஐஆர்க்யூ 5 என்ற தடத்தைக் கொடுத்து, அதையே வேறொரு கார்டும் கேட்டால் இரண்டும் முரண்டு பிடிக்கும்.

1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்ற அளவுத்திட்டம் இதில் பெரும்பகுதியைத் தீர்த்துவைத்தது. போர்டின் நீள அகலம் 305க்கு 244 மில்லிமீட்டர். திருகு ஓட்டைகள் இன்ன இடத்தில், பின்பக்க இணைப்புகள் இன்ன சதுரத்துக்குள். பி8, பி9 போய், தலைகீழாகச் செருகவே முடியாத ஒற்றை 20 ஊசிக் கனெக்டர் வந்தது. முன்பக்கச் சுவிட்சில் இனி குறைந்த மின்னழுத்தம்தான். சில ஆண்டுகளில் இன்டெல்லும் மைக்ரோசாப்டும் பின்பக்கத் துளைகளுக்கு நிறமும் ஒதுக்கின: கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை, மானிட்டருக்கு நீலம். பார்த்தவுடன் செருகலாம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியாக ஊன்றிவிட்டது என்பதை இன்டெல்லே பின்னால் அனுபவித்தது. சூடு மிகுந்த தன் பென்டியம் 4 பிராசசர்களுக்காக பிடிஎக்ஸ் என்ற புதிய அளவை 2004 வாக்கில் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில் கைவிட வேண்டியதாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஏடிஎக்ஸ் கேபினெட்டில் இன்றைய மதர்போர்டைத் திருகிவிட முடியும். மின்னணுப் பொருட்களில் இப்படிச் சொல்லக்கூடியவை மிகச் சில.

ரிச்சி தெருவில் ஒரு தொழில்

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாவற்றையும் சேர்த்தே மக்கள் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம் அது. வால்வும் டிரான்சிஸ்டரும் விற்ற கடைகளின் வாரிசாகவே கம்ப்யூட்டர் கடைகள் வந்தன. டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்பதுபோல் தமிழ்நாட்டுக்கு இந்தத் தெரு.

ராஜீவ் காந்தி அரசு 1984 நவம்பரில் அறிவித்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதிக் கெடுபிடியைத் தளர்த்தியது. சென்னையில் சி. சிவசங்கரன் நடத்திய ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ், 'சிவா பிசி'யை மலிவு விலையில் விற்று நாடு முழுதும் பேசப்பட்டது. 1991க்குப் பிறகு சுங்கவரி படிப்படியாக இறங்கியது. 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தபின், 2005க்குள் கம்ப்யூட்டர் மீதான வரி பூச்சியத்துக்கு வந்தது. இந்த இடைக்காலத்தில்தான் அசெம்பிள்டு சிஸ்டம் தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. பிராண்டு கம்ப்யூட்டரின் விலையைக் கேட்டு மலைத்துப்போன குடும்பத்துக்கு, அதே பிராசசரும் அதே ரேமும் போட்ட அசெம்பிள்டு சிஸ்டம் கைக்கெட்டும் விலையில் கிடைத்தது.

வாங்கும் முறையே தனி. நாலைந்து கடைகளில் ஏறி இறங்கிக் கொட்டேஷன் வாங்க வேண்டும். ஒரு தாளில் பிராசசர், போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர் என்று வரிசையாக விலை எழுதித் தருவார்கள். நேற்றைய தாள் இன்று செல்லாது. டாலர் ஏறினால் விலை ஏறும். 1999 செப்டம்பரில் தைவானைப் பூகம்பம் உலுக்கியபோது உலகெங்கும் ரேம் விலை எகிறியது. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது கடைகளில் டிஸ்க்கின் விலை இரட்டிப்பானது. எங்கோ நடந்த பேரிடர் இங்கே கொட்டேஷன் தாளில் ஒரு வரியாக வந்து நின்றது.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டதும் ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. பலகைத் தடுப்புகளுக்குள் இருந்தவை பெரும்பாலும் அசெம்பிள்டு சிஸ்டம்களே. திருமணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகள், ஜெராக்ஸ் கடைகள், கம்ப்யூட்டர் சென்டர்கள் எல்லாம் இவற்றால்தான் ஓடின. எழுத்தடிப்பவர்கள் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் கோல்டு கீபோர்டைக் கேட்டு வாங்கினார்கள். தட்டினால் 'டக்' என்று சத்தம் வரும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மின்வெட்டுக்கு அஞ்சி யுபிஎஸ் ஒன்றும் பட்டியலில் கட்டாயம் சேரும்.

இந்தத் தொழிலில் குறைகளும் இருந்தன. வரி கட்டாமல் வந்த சரக்கு உண்டு. உரிமம் இல்லாத விண்டோஸ் ஏற்றித் தருவது வழக்கமாகவே இருந்தது. பில் இல்லாமல் வாங்கியவர் போர்டு போனால் யாரிடமும் கேட்க முடியாது. ஆனாலும், பாலிடெக்னிக் படித்தும் படிக்காமலும் வந்த பல இளைஞர்களுக்கு இந்தக் கடைகளின் மேஜைகளே பயிற்சிக்கூடம். மூன்று பீப் அடித்தால் ரேமைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பார், தேதி பின்னால் போனால் போர்டில் இருக்கும் நாணய பேட்டரியை மாற்று என்று கைப்பழக்கமாகக் கற்றவர்கள், தங்கள் ஊருக்குத் திரும்பிச் சர்வீஸ் கடை வைத்தார்கள். தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் கம்ப்யூட்டர் பரவியதற்கு அவர்களுக்கு உரிய நன்றி இன்னும் எழுதப்படவில்லை.

இன்றைய மேஜையில்

முதன்முறை பூட்டுபவர் இன்று தடுமாறும் இடங்கள் சிலவே. கேபினெட்டின் பித்தளைக் கால்களை மாட்டாமல் போர்டை நேராகத் தகரத்தின் மேல் திருகிவிடுவது. பின்பக்கத் தகட்டை மறந்து, எல்லாம் முடிந்தபின் மறுபடி கழற்றுவது. பிராசசருக்கென்று தனியாக வரும் எட்டு ஊசிப் பவர் கேபிளை விட்டுவிட்டு, திரை வரவில்லையே என்று கலங்குவது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேமை எந்தெந்த ஸ்லாட்டில் போடுவது என்று கையேட்டைப் பார்க்காதது. பிராசசரின் ஊசிகள் 2004இலிருந்து இன்டெல் டெஸ்க்டாப்களில் சாக்கெட்டுக்கு மாறிவிட்டன. 2022இல் ஏஎம்டியும் அதே வழிக்கு வந்தது. ஆகவே இப்போது விரல் படாமல் காக்க வேண்டியது போர்டை. முன்பக்கச் சுவிட்சுக்கும் விளக்குக்கும் போகும் மெல்லிய ஒயர்கள் மட்டும் இன்னும் பழைய காலத்து வேலையாகவே மிஞ்சியிருக்கின்றன.

மறுபுறம், திறந்த கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்படுகிறது. பெரும்பாலான மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டு வருகிறது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 பிராசசரோடு ரேமையும் ஒரே பொதிக்குள் வைத்தது. அந்தவகை மேக் மினி டெஸ்க்டாப்பில் நினைவகத்தைப் பின்னால் கூட்ட வழியில்லை. வாங்கும் நாளில் தேர்ந்தெடுத்ததோடு வாழ வேண்டும். வேகத்துக்கும் மின்சிக்கனத்துக்கும் அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு ரேம் போனால் ஒரு ரேமை மட்டும் மாற்றும் வசதி, ஐபிஎம்மின் கையேடு வெளிவந்த நாளிலிருந்து ஆயிரமாயிரம் பேர் போராடிப் பெற்றது. அதை அடுத்த தலைமுறை பார்க்காமலே வளர்வது பெரிய இழப்பு.

இந்திய அரசு 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கியது. சட்டம் வரும்போது வரட்டும். பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய டெஸ்க்டாப்களை எடைக்குப் போடும் முன், ஒரு வகுப்புக்காவது அவற்றை மாணவர்கள் கையில் கொடுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மறுபடி பூட்டிப் பார்க்கட்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.